ராஜமாணிக்கம் குடும்பம்

சேத்தியாத்தோப்புப் பாலத்தின் கைப்பிடிச் சுவரையொட்டி நின்றுகொண்டு ராஜமாணிக்கம் கடைத்தெருப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் சரியாக வெளுக்கவில்லை. கீழே வெள்ளாறு வெறும் மணலாகக் கிடந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் கிடந்தது. விருத்தாசலத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய குடும்பங்கள் பாலத்தின் இந்தப் பக்கம் கூட்டமாக நின்றன. பெண்கள் புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பிள்ளைகள் மாசிப் பனிக்குக் கைகளைக் கட்டிக்கொண்டு குதித்தன. அவன் பக்கத்து வீட்டு ராஜாங்கம் தன் நான்கு பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்து எல்லோருக்கும் வெல்லம் கொடுத்துக்கொண்டிருந்தான். இவன் தனியாக நிற்பதைப் பார்த்து ஒரு துண்டு வெல்லத்தை இவன் பக்கமும் நீட்டினான். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு ராஜமாணிக்கம் மறுபடியும் கடைத்தெருவைப் பார்த்தான்.

எழுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். விருத்தாசலத்தைச் சுற்றிக் கம்பும் வரகும் முளைத்த இடத்திலேயே கருகின. கூலி வேலை இல்லாமல் போனது. நிலக்கரி வரவில்லை என்று பீங்கான் கம்பெனிகளில் பாதியை மூடிவிட்டார்கள். ராஜமாணிக்கம் சூளைக்குத் தீ போடுகிறவன். அவன் வேலை பார்த்த கம்பெனியின் புகைபோக்கியில் கார்த்திகைக்கு அப்புறம் புகையே வரவில்லை. ஊரில் பத்துப் பேர் சேர்ந்து பள்ளிக்கூடத்து மைதானத்தில் கஞ்சித்தொட்டி வைத்தார்கள். அடுப்புக்கு ஆள் வேண்டுமென்றபோது இவன் போய் உட்கார்ந்தான். விறகைத் தள்ளவும் இழுக்கவும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சி இறங்கும் நேரத்துக்குப் பிள்ளைகள் தட்டும் குவளையுமாக வந்து நிற்பார்கள். சில பிள்ளைகள் சட்டியையே தூக்கிக்கொண்டு வரும், வீட்டில் படுத்திருப்பவர்களுக்கும் சேர்த்து. முதலில் அகப்பை நிறைய ஊற்றினார்கள். தை பிறந்ததும் முக்கால் அகப்பை ஆயிற்று. அப்புறம் தண்ணீரைக் கூட்டினார்கள். கடைசியில் நிற்கிற பிள்ளைகளுக்கு அடிச்சட்டியைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப்போகிற நாட்களும் வந்தன.

பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் சுப்புராயனுக்குத்தான் அந்த யோசனை தோன்றியது. சேத்தியாத்தோப்பிலிருந்து விருத்தாசலம் வரைக்கும் பதினைந்து மைல், குடும்பம் குடும்பமாக ஓடி வருவது. கம்மாபுரத்துப் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் ஒருவர், முழுத் தூரமும் சேர்ந்து வந்து சேரும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மூட்டை குருணை கஞ்சித்தொட்டிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டார். புருஷன், பெண்சாதி, பிள்ளைகளில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் கணக்கில்லை. ஓட முடியாதபோது நடக்கலாம். வண்டி ஏறக்கூடாது. மாஸ்டர் ஊருக்குப் புதிது. அடுப்பருகே வந்து, "ஒங்க குடும்பத்தையும் சேத்துக்கட்டுமா ராஜமாணிக்கம்?" என்று கேட்டார். சட்டியைக் கிளறிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து இவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். ராஜமாணிக்கம் விறகை உள்ளே தள்ளிவிட்டு, "சேத்துக்கங்க சார்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. 

அவன் மனைவி அம்சவல்லி இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெண்ணை அழைத்துக்கொண்டு சேத்தியாத்தோப்பில் அண்ணன் வீட்டுக்குப் போனவள். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் யாராவது வந்து சமாதானம் செய்திருப்பார்கள். அவர்களுக்கு விருத்தகிரி என்று ஒரு பையன் இருந்தான். ஒன்றரை வயது. ஒரு சாயங்காலம் காய்ச்சல் கண்டு, இருட்டியதும் வெட்டிவெட்டி இழுத்தது. ராஜமாணிக்கம் அன்றைக்குச் சூளையில் இருந்தான். கூட இருக்க வேண்டிய ஆள் வரவில்லை. தீ உச்சத்துக்கு ஏறுகிற நேரம். அந்த நேரத்தில் தீ தணிந்தால் உள்ளே இருக்கிற அத்தனை கப்பும் சாசரும் மெருகு பிடிக்காமல் வீணாகிவிடும். அம்சவல்லி ராஜாங்கத்தை அனுப்பினாள். "இதோ வரேன்னு சொல்லு" என்றான். மறுபடியும் அனுப்பினாள். "தீ நின்னதும் வந்துடறேன், கொஞ்சம் பாத்துக்கச் சொல்லு" என்றான். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வாசலுக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. இவன் வந்து சேர்ந்தபோது விடிந்திருந்தது. முகமெல்லாம் கரியோடு வாசலில் நின்றான். அவள் எதுவும் கேட்கவில்லை. இவனும் எதுவும் சொல்லவில்லை. பதினாறு நாள் கழிந்ததும் அண்ணன் தங்கதுரையோடு கிளம்பினாள். நாலு நாள் இருந்துவிட்டு வருவாளென்றுதான் இவன் நினைத்தான். அதன் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெண்ணுக்குப் பாவாடைத்துணி வாங்கிக்கொண்டு போவான். தங்கதுரை வீட்டு வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிடுவான்.

ஓட்டத்தைப் பற்றித் தங்கதுரையிடம்தான் சொல்லியிருந்தான். மாட்டுச் சந்தைக்கு வந்தவன், கேட்டுக்கொண்டு, "சொல்லிப் பாக்கறேன் மச்சான். வருவான்னு நான் சொல்ல மாட்டேன்" என்று போய்விட்டான். அப்புறம் தகவல் இல்லை.

சுப்புராயன் மாஸ்டர் விசிலை எடுத்து வாயில் வைத்துவிட்டார். அப்போதுதான் கடைத்தெரு முனையில் மூன்று பேர் தெரிந்தார்கள். முன்னால் தங்கதுரை. பின்னால் ஆண்டாள், தலையைப் படிய வாரி, பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டியிருந்தாள். பத்து வயதுக்குள் அம்மாவின் தோள் உயரம் வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அம்சவல்லி, தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இளைத்திருந்தாள். கன்ன எலும்பு தூக்கிக்கொண்டிருந்தது. ராஜமாணிக்கத்துக்கு எதிரே போகத் தோன்றியது, ஆனால் கைப்பிடிச் சுவரோடு நின்றுகொண்டான்.

"அப்பா!" என்று ஆண்டாள்தான் ஓடி வந்தாள். வந்தவள் பக்கத்தில் வந்ததும் வெட்கப்பட்டு நின்றுவிட்டாள்.

"வந்துட்டியா கண்ணு. சாப்பிட்டியா?"

"நீராகாரம் குடிச்சேன். அம்மா ஒண்ணுமே சாப்புடல."

அம்சவல்லி இரண்டடி தள்ளி நின்றாள். ராஜமாணிக்கம் அவளைப் பார்த்து, "வந்ததுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"கஞ்சிக்குன்னு கேட்டாங்க, வந்தோம். வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லு ஒங்கப்பாகிட்ட" என்றாள் ஆண்டாளிடம்.

ஆண்டாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து பாவாடை முடிச்சை இறுக்கினாள். விசில் ஊதினார்கள். தங்கதுரை பாலத்திலேயே நின்றுகொண்டான்.

முதல் ஒரு மைல் எல்லோரும் உற்சாகமாக ஓடினார்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் எழுந்து அவர்கள் நிழலை நீளமாக ரோட்டில் போட்டது. யார் நிழல் எது என்று தெரியாமல் கலந்து கலந்து பிரிந்தன. அப்புறம் கூட்டம் இழைபிரிந்து நீண்டது. இளவட்டங்கள் முன்னால் போய்விட்டார்கள். ராஜமாணிக்கத்துக்கு ஓடிப் பழக்கமில்லை. சூளையில் நின்று நின்று உரம் ஏறிய கால் நிற்கும், சுமக்கும். ஓடுவது அதற்குப் புதிது. ஆண்டாளுக்கு இடப்பக்கம் அவனும் வலப்பக்கம் அம்சவல்லியுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். மனைவி ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓடினான். கொலுசைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். வெறுங்கால் மண்ணில் பதியும் சத்தம் மட்டும்தான். ஒரு காலத்தில் அடுப்படிக்கும் கொல்லைக்கும் அவள் நடக்கிற சத்தத்தை வைத்தே அவள் கோபமாக இருக்கிறாளா இல்லையா என்று சொல்லிவிடுவான். இப்போது ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டு பக்கமும் வயல்கள் வெடித்துக் கிடந்தன. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும் போலிருந்தது. மாடுகள் எங்கோ தூரத்தில் காய்ந்த நெல்தாளைக் கடித்துக்கொண்டு நின்றன. எதிரே வந்த கரும்பு டிராக்டர்க்காரன் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "எங்க இப்புடி ஊரே ஓடுது?" என்று கேட்டான். ஆண்டாள் மூச்சு வாங்க, "கஞ்சிக்கு!" என்றாள். அவன் இரண்டு கரும்பை உருவிக் கொடுத்தான். ஓடிக்கொண்டே கடிக்க முடியாது. நடந்தார்கள். ஆண்டாள் பல்லால் தோலை உரித்து அப்பாவுக்கு ஒரு துண்டு, அம்மாவுக்கு ஒரு துண்டு என்று கொடுத்தாள். மூன்று பேரும் மென்று துப்பிக்கொண்டே நடந்தார்கள். பார்ப்பவர்களுக்குக் கல்யாண வீட்டுக்குப் போகிற குடும்பம் மாதிரி இருந்திருக்கும். அந்த நினைப்பு வந்ததுமே ராஜமாணிக்கம் தன் துண்டை மகளிடமே கொடுத்துவிட்டான்.

"ஒங்கப்பாவ இவ்ளோ வேகமா வர வேணாம்னு சொல்லு. இன்னும் எவ்ளோ தூரம் கெடக்குது" என்றாள் அம்சவல்லி.

"அப்பா, அம்மா மெதுவா வரச் சொல்றாங்க."

"சரின்னு சொல்லு" என்றான். அவனும் அப்படியே சொன்னதை நினைத்துப் பிறகு வருத்தப்பட்டான். நேராகச் சொல்லியிருக்கலாம்.

கம்மாபுரத்தில் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்தார்கள். மைக்கில் யாரோ ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் சொல்லி வரவேற்றார்கள். "ராஜமாணிக்கம் குடும்பம்!" என்று சொன்னபோது பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மோர் குடித்துக்கொண்டிருந்த அம்சவல்லி குவளையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். ராஜாங்கத்தின் கடைசிப் பையன் அங்கே வாந்தியெடுத்துவிட்டான். ராஜாங்கம் அவனைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, "தூக்கிட்டுப் போனா கணக்கு உண்டா சார்?" என்று மாஸ்டரைக் கேட்டான். "ஒண்ணு வந்தாலே போதும், மத்த புள்ளைங்க வண்டியில வரட்டும்" என்றார் மாஸ்டர். "அதெல்லாம் முடியாது, எல்லாரும் ஒண்ணாத்தான் போவோம்" என்றாள் ராஜாங்கத்தின் மனைவி ராஜம்மாள். அவர்கள் சத்தமும் சிரிப்பும் கூப்பாடுமாகக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் போன பிறகு ரோடு திடீரென்று அமைதியாகிவிட்டது.

ஊரைத் தாண்டியதும் ஒரு குடிசை வாசலில் நின்றிருந்த பெண், "ஏ பாப்பா, இங்க வா" என்று ஆண்டாளைக் கூப்பிட்டாள். உள்ளே போய் இரண்டு கையையும் சேர்த்துக் கேழ்வரகு அள்ளிவந்து, ஆண்டாளின் பாவாடை மடியில் போட்டாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற பிள்ளையின் வயிறு முன்னால் துருத்திக்கொண்டிருந்தது.

"ஒனக்கு வேணாமா அக்கா?" என்றாள் ஆண்டாள்.

"எனக்கு இருக்குது. எடுத்துட்டுப் போயி அந்தச் சட்டியில போடு."

அம்சவல்லி அந்தப் பெண்ணையும் பிள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் முந்தானை முனையைக் கிழித்து, ஆண்டாள் மடியிலிருந்ததை அதில் கொட்டி முடிச்சுப்போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கப்புறம் அவள் நடை மாறிவிட்டது. ஏதோ அவசரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதைச் சுமப்பவள் போல விடுவிடுவென்று முன்னால் போனாள். ராஜமாணிக்கம் பின்தங்கினான்.

கார்குடல் தாண்டியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தார் இளகி மின்னியது. ரோட்டோரத்துப் புளியமரங்களின் நிழல் வேரோடு சுருங்கிக் கிடந்தது. ராஜமாணிக்கத்துக்கு அனல் புதிதல்ல. சூளை வாயில் நிற்கிறவனுக்கு வெயில் ஒரு பொருட்டா என்று நினைத்திருந்தான். ஆனால் காலையிலிருந்தே வலது கெண்டைக்காலில் ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு மேட்டில் ஏறும்போது அது சட்டென்று இழுத்துப் பிடித்தது. ஒரு கத்து கத்திவிட்டு அப்படியே ரோட்டோரத்து மண்ணில் விழுந்தான். கால் கட்டையாக விறைத்துக்கொண்டது. சதை தோலுக்குள் எலி ஓடுவதுபோல் துடித்தது.

முன்னால் போன இருவரும் திரும்பி ஓடி வந்தார்கள். ஆண்டாள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழாத. கட்டை வெரல மடக்கிப் புடி" என்றாள் அம்சவல்லி.

ஆண்டாள் பிடித்தாள். அவள் கைக்கு அந்தக் கால் மசியவில்லை. ராஜமாணிக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீங்க போங்க" என்றான். "ரெண்டு பேரும் போயிடுங்க. என்னால முடியாது. வெயில்ல புள்ளைய வச்சிக்கிட்டு நிக்காத."

அம்சவல்லி நின்றாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு மாட்டுவண்டிகூட இல்லை. பிறகு மகளை நகரச் சொல்லிவிட்டு மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் குதிகாலை ஒரு கையால் தாங்கி, மறு கையால் பாதத்தை அவன் பக்கமாக அழுத்தித் தள்ளினாள். அவனுக்கு உயிர் போய் வந்தது. இரண்டு வருஷமாக அவள் கை அவன்மேல் பட்டதில்லை. உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அண்ணன் வீட்டில் நெல் குத்துகிறாள் என்று தங்கதுரை சொல்லியிருந்தான். முகத்தை அவன் பக்கம் திருப்பாமல், காலை மட்டும் பார்த்துக்கொண்டு, அழுத்துவதும் விடுவதுமாக இருந்தாள். வலி கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. 

"ஆண்டாளு, அந்தக் கொழாயில தண்ணி வருதா பாத்துட்டு வா" என்றான். சற்று தூரத்தில் ஒரு கைபம்பு தெரிந்தது. ஆண்டாள் போனாள்.

அவள் பம்பை எட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கி எரிச்ச அந்தச் சூளையப் பிரிச்சாங்க," என்றான். "நாலு நாள் கழிச்சி. என்னத்தான் பிரிக்கச் சொன்னாங்க. போனேன்."

அம்சவல்லியின் கை நின்றது. காலை விடவில்லை.

"எப்பவும் பத்து இருவது ஒடஞ்சிடும் வல்லி. கீறல் வுழும், கோணிக்கும். அது வழக்கந்தான். அன்னிக்கி ஒண்ணுகூட இல்ல. அத்தன கப்பும் நல்லா வந்துருந்துச்சி. வெள்ளவெளேர்னு. மொதலாளி வந்து முதுகுல தட்டிக் குடுத்தாரு. ஒண்ணாவது வெடிச்சிருக்கலாம்." அவன் மண்ணைக் கையால் கீறினான். "ஒண்ணாவது வெடிச்சிருந்தா..."

 வெடித்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? பையன் திரும்பி வந்திருக்க மாட்டான். ஆனால் இரண்டு வருஷமாக எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், வெள்ளைக் கப்பில் டீ வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு கிளாஸில் கேட்கிறவன் அவன். கடைக்காரர்கள் இவனைக் கிறுக்கன் என்று நினைத்துக்கொள்வார்கள். யாரிடம் இதைச் சொல்ல முடியும்?

"இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?" என்றாள் அம்சவல்லி. காலையிலிருந்து அவனைப் பார்த்து நேராக அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"வேற யாருகிட்ட சொல்றது?"

 அவள் அவன் காலை மெதுவாகத் தரையில் வைத்தாள். கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் அவனும் அழுதிருப்பான். புளியமரத்தில் ஏதோ ஒரு குருவி ஒரே மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது.

"நான் ரிக்‌ஷாவுல போவயில," என்றாள் கடைசியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "நீங்க பின்னாடி ஓடி வர்ற மாதிரியே இருந்துச்சி. திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனேன்."

ராஜமாணிக்கம் தலை குனிந்துகொண்டான். ஆண்டாள் இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். இரண்டு மூன்று சொட்டுதான் மிச்சம் இருந்தது. அதை அவன் நாக்கில் விட்டாள்.

"எழுந்திரிங்க," என்றாள் அம்சவல்லி. "மூட்ட போயிடும்."

அதன் பிறகு ஓட்டம் என்று சொல்ல முடியாது. அவன் ஒரு கையை ஆண்டாளின் தோளில் வைத்துக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தான். மகள் சுமை தாளாமல் ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்து, கொஞ்ச தூரம் போனதும் அம்சவல்லி அந்தப் பக்கம் வந்து அவன் கையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.  அவள் தோள் வியர்வையில் நனைந்து வழுக்கியது. பிடி நழுவும்போதெல்லாம் அவளே அவன் மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்து வைத்துக்கொண்டாள். தூரத்தில் விருத்தாசலத்துக் கோபுரம் தெரிந்தது. பிறகு புகையில்லாத புகைபோக்கிகள் தெரிந்தன. அப்புறம் மணிமுத்தாற்றின் மணல். பாலத்தில் நின்றிருந்தவர்கள் கைதட்டினார்கள். ராஜமாணிக்கத்துக்கு ஒன்று தோன்றியது: இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருக்கலாம்.

பள்ளிக்கூடத்து வாசலில் மாவிலை கட்டிய கயிறு ஒன்றைக் குறுக்கே பிடித்திருந்தார்கள். "கை கோத்துக்கிட்டு வாங்க, கை கோத்துக்கிட்டு!" என்று மாஸ்டர் கத்தினார். ஆண்டாள் நடுவில் வந்து இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் கயிற்றைத் தாண்டினார்கள். "ராஜமாணிக்கம் குடும்பம்! ஒரு மூட்டை!" என்று மைக்கில் சத்தம் வந்தது. யாரோ அவர்கள் மூன்று பேர் கழுத்திலும் சாமந்தி மாலை போட்டார்கள். மில்லிலிருந்து வந்த வண்டியிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி, மற்ற மூட்டைகளுக்கு மேல் அடுக்கினார்கள். அவ்வளவுதான். அம்சவல்லி நேராக அடுப்படிக்குப் போய், இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்து, கிளறிக்கொண்டிருந்த பெண்ணிடம் கொடுத்தாள். அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மூட்டையில் போடாமல் தனியாக எடுத்து வைத்தாள், மறுநாள் கூழுக்கு.

அன்றைக்குக் கஞ்சி கெட்டியாக இருந்தது. ஓடி வந்தவர்களும் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து குடித்தார்கள். ராஜம்மாள் கஞ்சிக் குவளையோடு அம்சவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கன்னத்தைத் தடவி, "எளச்சிட்டியேடி. வந்தியே, அது போதும். இனிமே இங்கதான?" என்று கேட்டாள்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறம் அக்கா."

ராஜம்மாள் ராஜமாணிக்கத்தைப் பார்த்தாள். அவன் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நம்ம வூடு அப்படியே இருக்குதா?" என்று ஆண்டாள் கேட்டாள்.

"இருக்குது. வந்து பாத்துட்டுப் போயேன்" என்றான். மகளிடம்தான் சொன்னான். ஆண்டாள் அம்மாவைப் பார்த்தாள். அம்சவல்லி குவளையைக் கழுவப் போய்விட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவர்களோடு நடந்தான். சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் போகிற பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே ஆண்டாள் அம்மா மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாலையைக் கழற்றக்கூட இல்லை. ராஜமாணிக்கம் கீழே ஜன்னலுக்கு நேராக நின்றான். என்னவெல்லாமோ சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியதை நடுரோட்டில் சொல்லியாகிவிட்டது என்றும் தோன்றியது. அதற்கு மேல் கேட்பதற்குத் தனக்கு என்ன பாத்தியதை என்று நினைத்தான். டிரைவர் ஏறி உட்கார்ந்தான். பஸ் உறுமி ஆடியது.

அம்சவல்லி மகள் முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கிவிட்டாள்.

"கால்ல வெந்நி வச்சி ஊத்திக்கச் சொல்லு" என்றாள், தூங்குகிற பிள்ளையைப் பார்த்து.

"ஊத்திக்கறேன்" என்றான் ராஜமாணிக்கம். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தெரு திரும்பும்வரை ஜன்னலில் அவள் முழங்கை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்தான். அடுப்பைப் பற்றவைத்துப் பானையில் தண்ணீர் ஏற்றினான். பக்கத்து வீட்டில் ராஜாங்கத்தின் பிள்ளைகள் யார் முதலில் கயிற்றைத் தாண்டியது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜம்மாள் அதட்டினாள், அப்புறம் அவளே சிரித்தாள். தண்ணீர் கொதித்தது. பானையை இறக்கி வாசலில் கொண்டுவந்து வைத்து, வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்தான். கெண்டைக்காலில் அவள் அழுத்திய இடம் இன்னும் வலித்தது. தெருவில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கை வைத்துப் பார்க்காமலேயே சூடு அதிகம் என்று அவனுக்குத் தெரிந்தது. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, பானையின் வாயிலிருந்து ஆவி எழுந்து வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி, தண்ணீர் ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தான்.